ஏழாம் விதியும் நெவில் ஹாரப்பின் கருத்தும்

பர்னி என்கிற துறைமுக ஊரில் அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் படிப்பவர்கள் நாற்பத்தொரு பேர். அதற்கு மேலும் இருக்கலாம். ஆனால் பேரவையில் பெயர் பதிந்தவர்கள் அவ்வளவுதான். புதன்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு நூலகத்து மாடி அறையில் கூடுவோம். அண்மையில் படித்த நூல்களைப் பற்றி ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொள்வது பேரவையின் நோக்கம். அமைப்புவிதியின் முதல் வரியே அதுதான். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஒரு கருத்துகூட வெளியே வந்துவிடாமல் அந்த நோக்கத்தைக் காப்பாற்றி வந்திருந்தோம்.

நான் பேரவையின் குறிப்பெழுத்தர். கருத்துப் பதிவேடு என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நூலின் பெயருக்கு எதிரேயும் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சிலர் ஆர்வ மிகுதியில் "முழுவதும் படித்தேன்" என்று எழுதியதுண்டு. அவர்களை அழைத்து விளக்கம் கேட்டிருக்கிறோம்.

டெரன் பாஸ்கோ போன மார்ச் மாதம் வந்து சேர்ந்தார். சரக்குத் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. தோளில் அறுவை சிகிச்சை செய்து எட்டு வாரம் வீட்டில் கிடந்தபோது, அவருடைய அக்கா ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை கால்பந்து முடிவுகளைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர், எட்டு வாரத்தில் பெட்டியைக் காலி செய்துவிட்டார். படித்ததை யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் என்ற தவிப்பில் எங்கள் மாடிப்படி ஏறினார்.

தலைவர் ரோவீனா கிளெக் அவரை வரவேற்றார். பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும். "புதிய உறுப்பினர் அண்மையில் படித்த நூலைப் பற்றித் தமது கருத்தைச் சொல்லலாம்" என்றார்.

டெரன் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "செம புத்தகங்க. ஒரு ரோபோ. ஒரு பாழடைஞ்ச கப்பல்ல தனியா மாட்டிக்குது. கடைசில அது—"

மணி அடித்தது.

"என்னங்க, தீப்பிடிச்சிருச்சா?" என்று டெரன் வாசலைப் பார்த்தார்.

மணியை அடித்தவர் கிளைவ் பெட்டிட். பேரவையின் கதைமுடிவுப் பாதுகாப்பு அலுவலர். முன்பு வண்டி நிறுத்துமிடங்களில் அபராதச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். அந்த வேலையில் சேர்த்த பொறுமை அப்படியே இருந்தது. "விதி ஏழு" என்றார். "நூலின் முடிவைச் சொல்லக்கூடாது."

"சரிங்க, சொல்லல. அழுதுட்டேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

மணி. "அழுதீங்கன்னா யாரோ செத்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாருமே சாகலைங்களே!"

மணி. "இப்ப யாரும் சாகலைன்னு தெரிஞ்சுபோச்சு."

டெரன் விடவில்லை. "அந்தக் கதையோட மூணாம் பாகம் இப்ப படிச்சிட்டிருக்கேன். அதையாவது சொல்லலாமா?"

இந்தமுறை கிளைவ் மணியைக்கூட அடிக்கவில்லை, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ரெண்டாம் பாகத்துல எல்லாரும் ஒழிஞ்சுபோகலைன்னு சொல்லிட்டீங்க. ரெண்டாம் பாகத்துக்காக வரிசையில ஒன்பது பேர் நிக்கிறாங்க."

கருத்தை எப்படிச் சொல்லவேண்டும் என்று காட்டுவதற்கு மூத்த உறுப்பினர் நோலா பர்ட்டைத் தலைவர் அழைத்தார். ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருப்பவர் நோலா. எழுந்து கைகளைக் கோத்துக்கொண்டு, "நான் ஒரு நூலை எடுத்தேன். அது தொடங்கியது. பிறகு முடிந்தது. நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டெரனும் தட்டினார், எதற்கென்று தெரியாமல்.

தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தட்டு நீண்டது. நீட்டியவர் நெவில் ஹாரப். எழுபத்தாறு வயது, நாற்பது வருடம் சிங்கி இறால் படகு ஓட்டியவர், பேரவையை ஆரம்பித்த மூன்று பேரில் இன்னும் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"கோவிச்சுக்காதப்பா" என்றார் நெவில். "அந்த ஏழாம் விதிய எழுதினவனே நான்தான்."

"ஏங்க இப்படி எழுதினீங்க?"

"நான் எழுதினது ஒரே வரி. 'அடுத்தவர் படிக்காத நூலின் முடிவைச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.' அவ்வளவுதான்."

அந்த வரி இப்போது நாற்பத்தாறு பக்கமாகியிருந்தது. 'தயவுசெய்து' என்ற சொல் மூன்றாவது திருத்தத்தில் நீக்கப்பட்டது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டம் முடிந்ததும் சேர்ந்தே இறங்கிப் போவார்கள். துறைமுகத்தில் கப்பலில் ஏற்றக் கொட்டிவைத்த மரச்சீவல் குவியல் தெரிகிற பெஞ்சு ஒன்று இருக்கிறது; காற்றில் தொப்பியைப் பிடித்தபடி அங்கே உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருவரும் படித்து முடித்த நூல் என்றால் ஏழாம் விதி குறுக்கே வராது. அப்படி இருவருக்கும் பொதுவாக இருந்தது உப்புக்கடல் வரிசை. டெரனுக்கு வந்த பெட்டியில் அதன் ஆறு தொகுதிகளும் இருந்திருக்கின்றன.

அந்தக் கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாகவேண்டும். வற்றிப்போன ஒரு கடல். உப்பு மட்டும் மிச்சம். அதன்மேல் சறுக்குக் கட்டைகள் பூட்டிய ஒரு கப்பல். கேப்டன் இல்மாவும் பத்து ஆட்களும் அக்கரையில் இருக்கிற தங்கள் ஊருக்குத் திரும்பப் பார்க்கிறார்கள். ஆறு தொகுதிகள் முழுக்க அந்தப் பயணம்தான். ஆறாவதின் கடைசிப் பக்கத்தில் ஊரின் வாசற்கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு எழுத்தாளர் பத்தொன்பது வருடம் பேனாவைத் தொடவில்லை. அந்தப் பத்தொன்பது வருடமும் நெவில் காத்திருந்தார்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஏழாவது தொகுதி வெளிவந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பு நெவிலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நுரையீரல்.

பேரவை இரண்டு பிரதிகள் தருவித்தது. உறுப்பினர்கள் தனியாக வாங்கக்கூடாது. அது விதி பதினொன்று, 'வாசிப்பில் சமநிலை'. ஓர் ஆளுக்கு மூன்று வாரம். குலுக்கல் போட்டோம். முதல் சீட்டு டெரனுக்கு விழுந்தது. நோலாவுக்கு இருபத்திரண்டு. நெவிலுக்கு முப்பத்தெட்டு. தலைவர் குலுக்கலில் கலந்துகொள்ளவில்லை. "தலைவர் என்பவர் கடைசியில் பசியாறுகிறவர்" என்று சொல்லி, நாற்பத்தொன்றாவது இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

டெரன் நான்கே நாளில் படித்து முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நெவில் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. உன் மூஞ்சியிலயே எல்லாம் தெரியுது."

டெரன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அடுத்த சில நாட்கள் அப்படியே சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி இரண்டு பேருக்கும் சண்டையா என்று விசாரித்தாளாம்.

ஐந்தாம் நாள் நெவில் சொன்னார்: "டாக்டர் மூணு வாரம்ங்கிறார். வரிசைப்படி என் முறை அடுத்த வருஷம் நவம்பர்ல வருது."

"நான் படிச்சுக் காட்டறேன் நெவில். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடா. விதிய எழுதினவனே மீறினா அசிங்கம். பேரவையில கேளு. மனுசங்கதானே, சரின்னுடுவாங்க."

மனு அந்தப் புதன்கிழமையே செயற்குழு முன் வந்தது. டெரன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். விஷயத்தை நாலு வரியில் சொல்லி முடித்தார்.

ரோவீனா எழுந்தார். "நெவில் நம் தந்தை போன்றவர். அவருக்காக இந்தப் பேரவை எதையும் செய்யும், விதிகளுக்கு உட்பட்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஒரு மனிதரின் முடிவு அவருடைய தனிப்பட்ட விஷயம். ஒரு நூலின் முடிவு நாற்பத்தொரு பேரின் பொதுச் சொத்து."

கைதட்டல் எழுந்தது. டெரன் இந்தமுறை தட்டவில்லை.

கிளைவுக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று தெரிந்தது. "சரி, சொல்லிட்டோம்னே வைங்க. அதுக்கப்புறம் அவர் பொழைச்சுட்டார்னா?"

"பொழைச்சா நல்லதுதானேங்க?"

"முடிவு தெரிஞ்ச ஒரு ஆள் ஊருக்குள்ள நடமாடுவாரே. கடைத்தெருவுக்குப் போவார், முடி வெட்டிக்கப் போவார். யாரு பொறுப்பு?"

ஆகவே படிவம் பன்னிரண்டு கொடுக்கப்பட்டது. மேற்படி உறுப்பினர் நலமடைய வாய்ப்பில்லை என்று மருத்துவர் அதில் உறுதியளித்துக் கையெழுத்திடவேண்டும். டெரன் அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் டாக்டரிடம் நீட்டினார். அவர் படித்தார், திருப்பிப் படித்தார், "யார் எப்போது போவார் என்று நான் உறுதி கொடுப்பதில்லை" என்று எழுதி, "யாருய்யா நீங்கள்லாம்?" என்று கேட்டார். டெரன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உரிய கட்டத்தில் எழுதப்படாததால் படிவம் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனாலும் பேரவை மனம் தளரவில்லை. மருத்துவர் உறுதி கொடுக்காவிட்டால் உறுப்பினரே கொடுக்கட்டும் என்று படிவம் பதின்மூன்று தயாரானது: முடிவைத் தம் வாழ்நாளிலோ அதற்குப் பின்னரோ எவரிடமும் வெளியிடமாட்டேன் என்று நெவில் ஒப்பமிடவேண்டும். தலைவரே நேரில் போய் அதை வாங்கி வந்தார். நெவிலின் கை நடுங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய உறுப்பினர் அட்டையில் இருந்த கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை. கிளைவ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஹா மட்டும் பொருந்துது" என்றார். மறுபடி வாங்கிவர முடிவாயிற்று.

அதற்குள் பதினாறு நாள் போய்விட்டது.

அடுத்து நடந்ததை நான் நோலாவிடம் கேட்டு எழுதுகிறேன். கோழிக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அவரும் அந்த வார்டிலேயே, நெவிலுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தார். நடுவில் ஒரு திரைதான்.

திங்கட்கிழமை மதியம் டெரன் போனபோது நெவில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே ஏறி இறங்கியிருக்கின்றன. டெரன் வழக்கம்போல நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றார் நெவில். ஆக்சிஜன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். "விதிய எழுதினது நான்தானே? அந்த வரிய நானே அடிச்சிட்டேன். சொல்லு."

"பேரவை உங்க பேரை எடுத்துருவாங்க நெவில்."

"சீக்கிரம் சொல்லுடா. மூச்சு வேணும் எனக்கு, கேக்கிறதுக்கு."

டெரன் எழுந்து திரையைச் சரியாக இழுத்துவிட்டார். அப்பாலிருந்து நோலா, "நான் காதப் பொத்திக்கிறேன், நீங்க பேசுங்க" என்றார்.

டெரன் சொன்னார். புத்தகத்தைப் படித்துக் காட்ட நேரமில்லை. தன் சொற்களிலேயே சொன்னார், கைகளை ஆட்டி, சறுக்குக் கட்டை உப்பில் அறுக்கிற சத்தத்தை வாயால் போட்டுக் காட்டி. சரக்குப் பெட்டிகளுக்கு இடையில் கத்திப் பழகிய குரலை அடக்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கடைசி இடத்துக்கு வந்தார். கதவு திறக்கிறது. காவல்காரன் சொல்கிறான்: நீ மட்டும் உள்ளே வரலாம், உன் ஆட்கள் வரக்கூடாது. இல்மா அவனைப் பார்க்கிறாள். பிறகு திரும்புகிறாள்.

"திரும்பினாள்னா?"

"திரும்பினாள். அவ்வளவுதான். முடிஞ்சுது."

நெவில் வெறித்துப் பார்த்தார். பிறகு முகம் சிவந்தது. "இதென்னடா முடிவு! பத்தொன்பது வருசம் உக்காந்திருந்தது இதுக்கா?"

"நல்லாத்தானே இருக்கு? ஆளுங்கள விட்டுட்டு எப்படிப் போவா?"

"நாப்பது வருசம் கடல்ல கெடந்தவன் நான். துறைமுகம் கண்ணுல பட்டப்புறம் திரும்பிப்போன ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. முட்டாத்தனமா இருக்கு!"

"ஒருத்தியையாவது இப்பப் பாத்தீங்கல்ல?"

"பாக்கலடா, நீ சொல்லித்தான் கேட்டேன்!"

அப்போது திரைக்கு அப்பாலிருந்து, "யோவ் நெவில், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஆளுங்கள வாசல்ல நிக்கவச்சிட்டு உள்ள போனா அவ என்னய்யா கேப்டன்?" என்று குரல் வந்தது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"காதப் பொத்தியிருந்தேன்" என்றார் நோலா. "கை வலிச்சுது."

டெரன் போய்த் திரையை முழுக்கத் தள்ளிவிட்டார். மூன்று பேரும் கத்தினார்கள். நர்ஸ் வந்து அதட்டிவிட்டு, நெவிலின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்து, "ஆக்சிஜன் எண் ஏறியிருக்கே" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாளாம். இந்த நேரத்தில்தான் கிளைவ் புதிய படிவத்தோடு நடைக்கூடத்தில் வந்துகொண்டிருந்தார். வார்டு வாசலில் நின்றார். கேட்டார். படிவத்தைச் சுருட்டி இரண்டு துண்டாக்கிக் காதில் அடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சண்டை தொடர்ந்தது. நெவில் இடையிடையே தூங்குவார், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். மாலை நான்கு மணிக்கு டெரனைக் கிட்டே கூப்பிட்டு, "என் கருத்தைப் பதிவேட்டுல ஏத்தணும். எழுதிக்கோ" என்றார். டெரன் ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார்.

புதன்கிழமை காலை நெவில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மறுவாரம் விசாரணை. முப்பத்தொன்பது பேர் வந்திருந்தோம். நோலாவைச் சக்கர நாற்காலியில் மேலே தூக்கி வந்தார்கள். டெரன் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டிருந்தார். ஜன்னலில் காற்று இடித்துக்கொண்டே இருந்தது.

கிளைவ் புகாரைப் படித்தார். "குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட ஒன்று சொல்லப்பட்டது. என்ன என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை."

"அது முடிவுதான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று டெரன் கேட்டார். "நீங்க படிக்கலையே."

"குரலை வச்சு. முடிவைச் சொல்ற மாதிரி குரல் இருந்துச்சு."

அங்கேதான் சிக்கல் வந்தது. சொல்லப்பட்டது முடிவுதான் என்று உறுதிப்படுத்த, முடிவு தெரிந்த ஒருவர் வேண்டும். மனு வந்த நாளிலிருந்தே பிரதிகள் கைமாறுவதை நிறுத்தி வைத்திருந்தோம். இன்னொரு பிரதியை வைத்திருந்தவரை விசாரித்தோம். தவறிப்போய் ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். ஆக, நாற்பது பேரில் நூலைப் படித்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்தான். ஒன்றே கால் மணி நேரம் இதைப் பேசினோம்.

கடைசியில் ரோவீனா ஒரு தாளை மேசைமேல் வைத்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "டெரன், யாருக்கும் தீங்கு வராத ஒரு வழி இருக்கிறது. நெவிலிடம் நீங்கள் சொன்னது நூலின் உண்மையான முடிவல்ல, உங்கள் கற்பனை என்று இதில் ஒப்பமிடுங்கள். முடிவு சொல்லப்படவில்லை என்றால் விதி மீறப்படவில்லை. நீங்கள் உறுப்பினராக நீடிக்கலாம். நெவிலின் பெயரும் நிறுவனர் பலகையில் இருக்கும்."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"இருவரின் பெயரும் நீக்கப்படும். நெவிலின் பெயர், அவர் சேர்ந்த நாளிலிருந்தே."

டெரன் பேனாவை எடுத்தார். பலகையைப் பார்த்தார், பித்தளையில் மூன்று பெயர்கள். தாளைப் பார்த்தார். அவருக்கு இந்த ஊரில் புத்தகம் பேச வேறு இடம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும்.

"சாகப்போற மனுசன்கிட்ட நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கு" என்றார்.

"இது ஒரு நடைமுறை வாசகம்தான்."

"அந்த மனுசன் ரெண்டு நாள் கோவப்பட்டாரு. அப்படி ஒரு கோவம். பொய்யான முடிவுக்கா அவர் அப்படிக் கோவப்பட்டாருன்னு நாளைக்கு யாராச்சும் சொல்லணுமா?" பேனாவை வைத்துவிட்டார். "முடியாதுங்க."

"பதிவு செய்யுங்கள்" என்று ரோவீனா என்னைப் பார்த்துச் சொன்னார். "இருவரும் நீக்கம்."

எழுதினேன்.

"சரி, போறேன்" என்றார் டெரன். "ஒன்னே ஒன்னு பாக்கி இருக்கு. இது என் கருத்து இல்ல. நெவிலோடது. பதிவேட்டுல ஏத்தச் சொன்னாரு." கோட்டுப் பையிலிருந்து உணவு அட்டையை எடுத்தார்.

கிளைவ் மணியை அடிக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து ஜோடிக் கைகள் காதுகளுக்குப் போயின. டெரன் துறைமுகக் குரலில் வாசித்தார்:

"நெவில் ஹாரப்பின் கருத்து. ஊர் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய், அங்கிருந்து இல்மாவைத் திருப்பிவிட்டது அயோக்கியத்தனம். துறைமுகத்தைப் பார்த்தவர்கள் திரும்பமாட்டார்கள். இந்த எழுத்தாளர் கடலில் ஒரு நாளும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவள் ஏன் திரும்பினாள் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கும்போது வலி தெரியவில்லை. எல்லோரும் படிக்கவேண்டிய புத்தகம்."

மணிச்சத்தம் ஓய்ந்தது. காதுகளிலிருந்து கைகள் இறங்கவில்லை. ஆனால் விரல்களுக்கிடையே இடைவெளி இருந்தது.

"நான் அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்" என்று சக்கர நாற்காலியிலிருந்து நோலா கத்தினார். "நெவில் சொன்னது தப்பு! ஆளுங்கதான் அவளுக்கு ஊரு!"

"ஒரு நிமிசம்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். இல்மா திரும்பினாளா? இருக்காது. ஊருக்காக ஒரு கைய இழந்தவ அவ!"

"கை போனது கப்பலுக்காக! நாலாம் தொகுதியப் போய்ப் படிங்க!"

"யாருய்யா கப்பலுக்காகன்னது?"

ஒரே நேரத்தில் பதினைந்து பேர் பேசினார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் அப்படியொரு சத்தம் எழுந்ததில்லை. கிளைவ் மணியைக் கையில் பிடித்தபடி யாரையோ, "காவல்காரன் ஏன் தனியா வரச்சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெத்துப் பக்கத்தைத் திருப்பினீங்களா?"

தலைவர் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் அறை அடங்கிவிட்டது.

டெரன் அவர் பக்கம் திரும்பினார். "எதுங்க?"

"இல்மா திரும்பினாள்னு முடியுது. அதுக்கப்புறம் ஒரு வெத்துப் பக்கம். அதைத் திருப்பினா பின்னால ரெண்டே வரி இருக்கு. ஊர் வாசலுக்கு வெளியே உப்புப் படிஞ்ச பூட்ஸ் கிடக்குது, வரிசையா. பதினோரு ஜோடி." ரோவீனா மேசையைப் பிடித்துக்கொண்டார். மேடைப் பேச்சு மொழி அவரை விட்டுப் போயிருந்தது. "அவ திரும்பிப் போகலை. திரும்பினது ஆளுங்களக் கூப்பிடறதுக்கு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க. பூட்ஸை நாம எங்க கழட்டுவோம்? வீட்டு வாசல்லதானே?"

டெரன் உணவு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவர் சொன்னதுதான் சரி" என்றார் மெதுவாக. "திரும்பமாட்டாங்கன்னு சொன்னாரே. நான் பக்கத்தைத் திருப்பாம விட்டுட்டேன்."

"தலைவரே" என்று கிளைவ் தயங்கினார். "உங்க முறை நாப்பத்தொன்னு."

"வெளிவந்த அன்னிக்கே லான்செஸ்டன் நகரத்துக்கே போய் வாங்கிட்டேன். ரெண்டு தடவை படிச்சேன்."

டெரன் நிமிர்ந்தார். "கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே ரோவீனா. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அரை மணி நேரம் இருந்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

"இருந்தேன்."

"என்ன பேசினீங்க அவர்கிட்ட?"

ரோவீனா பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏதோ வேறு பதில் தேடுகிறவர்போல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மழையைப் பத்தி" என்றார். "இந்த வருசம் மழை கம்மின்னு சொன்னேன். அவரும் ஆமாம்னார்."